லாகின் செய்ய ஆள் இல்லாதபோதும் ஓட வேண்டும்: ஓபிசி சர்வரை விண்டோஸ் சர்வீஸாக அமைப்பது

ராத்திரி இரண்டே முக்கால் மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் லோடு எடுப்பதற்குள் கண்ட்ரோல் ரூம் யுபிஎஸ் பேட்டரி இறங்கிவிட்டது. மூன்று மணிக்கெல்லாம் எல்லாம் சரியாகி, பிஎல்சிகள் (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகள்) எழுந்து, பம்புகளும் ஓடத் தொடங்கின. ஆனால் காலை ஷிப்ட் ஆபரேட்டர் வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் திரையில் விண்டோஸ் லாகின் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தது 6.10க்கு. இடைப்பட்ட மூன்று மணி நேரத்துக்குக் கழிவுநீர் ஓட்டமும் இல்லை, பிஎச் அளவும் இல்லை. டிரெண்டில் (அளவுகளைக் காட்டும் நேர வரைபடத்தில்) ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்த வெறும் நேர்கோடு.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓபிசி சர்வரை, அதாவது பிஎல்சியிலிருந்து எண்களை வாங்கிக் கொடுக்கும் சாஃப்ட்வேரை, அமைத்துக் கொடுத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஓபிசி சர்வரின் ஷார்ட்கட்டை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்து, டேக் (ஒவ்வோர் அளவுக்கும் வைக்கும் பெயர்) எல்லாம் வருகிறது என்று காட்டிவிட்டு வந்திருந்தேன். நான் லாகின் செய்ததால்தான் அது வந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: யாரும் லாகின் செய்யாத கம்ப்யூட்டரில் டேட்டா சர்வர் தானாக எழுந்து வேலை பார்க்க வேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில், அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களில் தொடர் கண்காணிப்புக் கருவிகள் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. காகித ஆலை, சர்க்கரை ஆலை, டிஸ்டில்லரி, தோல் பதனிடும் ஆலை, சிமென்ட் ஆலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே மூன்று மணி நேர இடைவெளி என்றால் யாரோ ஒருவர் அதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சர்வீஸ் என்றால் என்ன?

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓபிசி சர்வர் என்பது நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். ஒரு பக்கம் பிஎல்சி, மீட்டர், அனலைசர் ஆகியவற்றோடு அவற்றின் மொழியில் பேசும். மோட்பஸ் டிசிபி என்றால் 502ஆம் போர்ட்டில் போய்க் கேட்கும். மறுபக்கம் ஸ்காடா (ஆலையைத் திரையில் காட்டும் சாஃப்ட்வேர்), ஹிஸ்டோரியன் (அளவுகளைச் சேமிக்கும் சாஃப்ட்வேர்) போன்றவற்றுக்கு ஒரே பொதுவான முறையில் அந்த எண்களைக் கொடுக்கும். 1996இல் வந்த ஓபிசி டிஏ, புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச உதவும் விண்டோஸின் டிகாம் தொழில்நுட்பத்தின் மேல் நிற்கிறது. பிறகு வந்த ஓபிசி யுஏவுக்கு டிகாம் தேவையில்லை. அதற்கென்று பதிவான போர்ட் 4840.

விண்டோஸில் ஒரு புரோகிராமை டபுள் கிளிக் செய்து திறந்தால் அது லாகின் செய்தவருக்குச் சொந்தம். அவர் லாக் ஆஃப் செய்தால் அதுவும் போய்விடும். சர்வீஸ் அப்படியில்லை. கம்ப்யூட்டர் எழும்போதே, லாகின் பக்கம் வருகிற நேரத்திலேயே, விண்டோஸின் சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் அதைத் தொடங்கிவிடும். யார் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்கள் எல்லாம் செஷன் 0 என்ற தனி அறையில் ஓடுகின்றன. அங்கே திரை கிடையாது. உங்கள் சாஃப்ட்வேர் "லைசென்ஸ் கிடைக்கவில்லை, ஓகே அழுத்தவும்" என்று ஒரு பெட்டியைக் காட்டினால் அதை யாரும் பார்க்க முடியாது, ஓகே அழுத்தவும் ஆள் கிடையாது. சர்வீஸ் அப்படியே தொங்கி நிற்கும். டபுள் கிளிக்கில் ஓடும் சாஃப்ட்வேர் சர்வீஸாக ஓடாததற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

சிலர் ஆட்டோ லாகின் வைத்து இதைச் சமாளிப்பார்கள். கம்ப்யூட்டர் தானே லாகின் ஆகி ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் உள்ளதைத் திறந்துவிடும். ஓடும், மறுக்கவில்லை. ஆனால் யாராவது லாக் ஆஃப் செய்தால் நின்றுவிடும். பாஸ்வேர்டு மாறினால் நின்றுவிடும். அந்த அறைக்குள் வருகிற எவருக்கும் கம்ப்யூட்டர் திறந்தே கிடக்கும். சர்வீஸாக ஓடக்கூடிய சாஃப்ட்வேருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் கம்ப்யூட்டரே எழ வேண்டும்

பலர் தவறவிடும் படி இது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆக வேண்டும். பயாஸுக்குள் போனால் பவர் பகுதியில் "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்றோ அதை ஒட்டிய பெயரிலோ ஓர் அமைப்பு இருக்கும். அதைப் பவர் ஆன் என்று வையுங்கள். லாஸ்ட் ஸ்டேட் என்றும் வைக்கலாம்; ஆனால் யுபிஎஸ் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரை முறையாக அணைத்திருந்தால் கடைசி நிலை "ஆஃப்" என்றுதான் பதிவாகியிருக்கும், கரண்ட் வந்தாலும் எழாது.

அடுத்து விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8இலிருந்து இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் கெர்னலையும் செஷன் 0ஐயும் டிஸ்கில் உறைய வைத்துவிட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்து வைக்கும். அதாவது ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் உங்கள் சர்வீஸ் புதிதாகத் தொடங்குவதே இல்லை. பழையதே தொடர்கிறது. அப்படிச் சோதித்துவிட்டு "தானாக வருகிறது" என்று நம்பினால், நிஜமாகக் கரண்ட் போன அன்று வேறு கதை நடக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் இதை நீக்கிவிடுங்கள். தூங்கும் வசதி, ஹைபர்னேட் இரண்டையும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

சர்வரைச் சர்வீஸ் முறைக்கு மாற்றுதல்

உதாரணத்துக்குக் கெப்சர்வர்இஎக்ஸை எடுத்துக்கொள்கிறேன். பரவலாகப் புழங்குகிற சர்வர் அது. திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் அட்மினிஸ்ட்ரேஷன் ஐகான் இருக்கும். ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸ் போங்கள். ரன்டைம் புராசஸ் என்ற பக்கத்தில் இரண்டு முறைகள் தெரியும்: இன்டராக்டிவ், சிஸ்டம் சர்வீஸ். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். புதிதாக நிறுவும்போது சிஸ்டம் சர்வீஸ்தான் வழக்கமாக இருக்கும். ஆனால் நடுவில் யாராவது பழைய டிகாம் சிக்கலுக்காக இன்டராக்டிவுக்கு மாற்றிவிட்டு மறந்திருப்பார்கள். முறையை மாற்றும்போது ரன்டைம் ஒருமுறை நின்று எழும், இணைந்திருக்கும் கிளையன்ட் (சர்வரிடம் எண் வாங்கும் சாஃப்ட்வேர்) எல்லாம் அறுந்துபோகும். அதனால் ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்தச் சின்ன ஐகான் சர்வர் இல்லை. அது லாகின் செய்த பிறகு வருகிற ஒரு கருவி மட்டும்தான். ஐகான் இல்லையென்றால் சர்வர் ஓடவில்லை என்று அர்த்தமில்லை. ஐகான் இருந்தால் ஓடுகிறது என்றும் அர்த்தமில்லை. உண்மை நிலை சர்வீஸஸ் பட்டியலில்தான் தெரியும்.

பழைய ஓபிசி டிஏ சர்வர்கள் சிலவற்றில் இந்த மாதிரி பட்டன் இருக்காது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சர்வரின் புரோகிராம் பெயரோடு ஸ்லாஷ் போட்டுச் "சர்வீஸ்" என்று சேர்த்து ஓட்டினால் அது தன்னைத் தானே சர்வீஸாகப் பதிந்துகொள்ளும். "ரெக்சர்வர்" என்று சேர்த்தால் சாதாரணப் புரோகிராமாகப் பதியும். எல்லா சர்வரும் இதே சொற்களை ஏற்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

சர்வீஸ் முறையே இல்லாத சாஃப்ட்வேரும் உண்டு. விண்டோஸின் எஸ்சி கட்டளையால் அதைப் பலவந்தமாகச் சர்வீஸ் ஆக்கப் பார்த்தால் 1053 என்ற பிழை வரும். ஏனென்றால் சர்வீஸாக ஓடுகிற எதுவும் கண்ட்ரோல் மேனேஜருக்கு "நான் வந்துவிட்டேன்" என்று 30 வினாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். சாதாரணப் புரோகிராமுக்கு அந்தப் பாஷை தெரியாது. என்எஸ்எஸ்எம் என்ற இலவசக் கருவி நடுவில் நின்று அந்தப் பதிலைச் சொல்லி, உங்கள் புரோகிராமைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும். டாஸ்க் ஷெட்யூலரிலும் "கம்ப்யூட்டர் தொடங்கும்போது" என்று வைத்து, பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விண்டோ திறந்து கேள்வி கேட்கிற புரோகிராமுக்கு இரண்டுமே உதவாது.

ஆட்டோமேட்டிக்கா, தாமதமா?

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ரன் பெட்டியில் சர்வீஸஸ் பெயரை எம்எஸ்சி என்ற நீட்சியோடு அடித்தால் பட்டியல் வரும். ஸ்டார்ட் மெனுவில் தேடினாலும் கிடைக்கும். உங்கள் சர்வரின் பெயரைக் கண்டுபிடித்து டபுள் கிளிக் செய்யுங்கள். ஸ்டார்ட்அப் டைப் என்ற இடத்தில் மேனுவல் என்று இருந்தால் யாரும் கூப்பிடாமல் அது எழாது. ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள்.

அங்கே ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட் என்று இன்னொன்றும் இருக்கும். மற்ற ஆட்டோமேட்டிக் சர்வீஸ்கள் எல்லாம் தொடங்கி முடிந்து, சுமார் இரண்டு நிமிடம் கழித்து இது தொடங்கும். சர்வர் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி இருந்து, நெட்வொர்க் சுவிட்ச் மெதுவாக எழுகிற இடத்தில் இது நல்ல தேர்வு. மேனேஜ்டு சுவிட்சில் பழைய ஸ்பேனிங் ட்ரீ முறை இருந்தால், ஒரு போர்ட் கேட்கும் நிலை 15 வினாடி, கற்கும் நிலை 15 வினாடி என்று அரை நிமிடம் கழித்துத்தான் தரவை விடும். சுவிட்ச் எழுவதற்கு ஆகிற நேரம் தனி. அதற்குள் உங்கள் சர்வர் எழுந்து எல்லா பிஎல்சியையும் கூப்பிட்டுப் பார்த்துப் "பேட்" (எண்ணை நம்ப முடியாது) என்று குறித்துவிட்டிருக்கும். நல்ல டிரைவர் (சர்வருக்குள் பிஎல்சியோடு பேசும் பகுதி) திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். சில டிரைவர்கள் முதல் தோல்வியோடு உட்கார்ந்துவிடும். உங்களுடையது எந்த ரகம் என்பது சோதித்தால்தான் தெரியும்.

டேட்டாபேஸ் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் தாமதத்தை நம்பாமல் சார்பைச் சொல்லிவிடுவது நல்லது. அதாவது, எஸ்க்யூஎல் சர்வர் எழுந்த பிறகுதான் நீ எழு என்று பதிந்துவைப்பது. எஸ்சி கட்டளையில் கன்ஃபிக் என்ற பகுதிக்குள் டிபெண்ட் என்ற சொல்லோடு இதைக் கொடுக்க வேண்டும். இதில் மூன்று குழிகள் உண்டு. சமக்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி கட்டாயம், இல்லையென்றால் கட்டளை ஏற்காது. நீங்கள் கொடுக்கிற பட்டியல் பழைய பட்டியலுக்குப் பதிலாகப் போய் உட்காரும், கூடவே சேராது. அதனால் ஏற்கெனவே உள்ள சார்புகளையும் ஸ்லாஷ் போட்டுச் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவது, இதை விண்டோஸோடு வருகிற பவர்ஷெல்லில் அடிக்காதீர்கள். அங்கே எஸ்சி என்பது ஃபைலில் எழுதுகிற வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர். நீங்கள் கொடுத்த சார்பு பதியாது. கமாண்ட் பிராம்ப்டே போதும்.

யூஎஸ்பி டாங்கிள் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அந்த லைசென்ஸ் மேனேஜரின் சர்வீஸையும் இந்தச் சார்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எந்தக் கணக்கில் ஓட்டுவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். "நான் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக விட்டால் ஓடவில்லை" என்று எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

சர்வீஸின் லாக் ஆன் பக்கத்தில் எந்தக் கணக்கில் ஓட வேண்டும் என்று சொல்லலாம். ஒன்றும் மாற்றவில்லையென்றால் பெரும்பாலும் லோக்கல் சிஸ்டம். அந்தக் கம்ப்யூட்டருக்குள் அதற்கு ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உண்டு. ஆனால் வெளியே, நெட்வொர்க்கில், அது நீங்கள் இல்லை. டொமைனில் (மையமாக நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரில் போய் நிற்கும். வொர்க்குரூப்பில் இருந்தால் பெயரில்லாத ஆளாகப் போய் நிற்கும். பக்கத்துக் கம்ப்யூட்டரின் ஷேர்டு ஃபோல்டர் அதை உள்ளே விடாது.

ஒரு கண்ட்ரோல் ரூமில் பார்த்தது. சர்வர் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு சிஎஸ்வி ஃபைலை இசட் டிரைவில் எழுத வேண்டும். இன்டராக்டிவாக ஓட்டினால் ஃபைல் விழுகிறது. சர்வீஸாக மாற்றியதும் விழவில்லை. இரண்டு நாள் டிரைவரையும் ஃபயர்வாலையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இசட் டிரைவ் என்பது லாகின் செய்தவர் தன் வசதிக்கு மேப் செய்துகொண்டது, அவருடைய லாகினுக்குள் மட்டும்தான் அது இருக்கும். சர்வீஸுக்கு இசட் என்று ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்து, அந்த ஃபோல்டரில் எழுத உரிமை உள்ள கணக்கில் சர்வீஸை ஓட்டியதும் சரியாகிவிட்டது.

டேட்டாபேஸோடு பேசும் ஓடிபிசி இணைப்பிலும் இதே கதை. யூசர் டிஎஸ்என் (இணைப்பு விவரத்துக்கு வைக்கும் பெயர்) என்று அமைத்தது அந்தப் பயனருக்கு மட்டும். சர்வீஸுக்குச் சிஸ்டம் டிஎஸ்என் வேண்டும். சாஃப்ட்வேர் 32 பிட் என்றால் அதற்கான ஓடிபிசி கருவி தனி; 64 பிட் விண்டோஸில் அது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனாலும் 32 பிட்டுக்கு உரியது அதுதான். இன்னொன்று: சர்வீஸ் தொடங்கும்போது அதன் நடப்பு ஃபோல்டர் விண்டோஸின் சிஸ்டம்32. கன்ஃபிக் ஃபைலின் வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தால் அங்கே போய்த் தேடிவிட்டு இல்லையென்று நின்றுவிடும். எல்லாப் பாதையையும் டிரைவிலிருந்து முழுதாக எழுதுங்கள்.

தனிக் கணக்கு தேவைப்பட்டால் அதற்கென்றே ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கைப் போட வேண்டாம்; நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வீஸ் 1069 என்ற பிழையோடு எழாமல் கிடக்கும். மாற்றிய அன்று எதுவும் நடக்காது, ஏற்கெனவே ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மூன்று மாதம் கழித்து ஒரு கரண்ட் கட்டில்தான் தெரியவரும். தனிக் கணக்கின் பாஸ்வேர்டு காலாவதி ஆகாதபடி வைக்கலாமா என்று ஐடி துறையிடம் கேளுங்கள். டொமைனும் விண்டோஸ் சர்வர் 2012 அல்லது அதற்குப் பிந்தையதும் இருந்தால் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட் என்ற வசதியைக் கேளுங்கள். பாஸ்வேர்டை விண்டோஸே மாற்றிக்கொள்ளும், யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்குக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றும். தேவையான ஃபோல்டரில் எழுதும் உரிமை போதும், அதற்கு மேல் வேண்டாம்.

விழுந்தால் தானாக எழ

ரெக்கவரி என்ற பக்கத்தில் முதல் தோல்வி, இரண்டாவது தோல்வி, அடுத்தடுத்த தோல்விகள் என்று மூன்று வரி இருக்கும். மூன்றிலும் ரீஸ்டார்ட் த சர்வீஸ் என்று வையுங்கள். இரண்டை மட்டும் வைத்துவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டால் ஒரு மோசமான ராத்திரியில் மூன்றாவது முறை விழுந்து அப்படியே கிடக்கும்.

எத்தனை நிமிடம் கழித்து என்பதில் ஒரு நிமிடம் இருக்கும். அதைக் குறைத்துப் பூஜ்யம் ஆக்க வேண்டாம். பல மீட்டர்களும் சிறிய பிஎல்சிகளும் ஒரே நேரத்தில் சில டிசிபி இணைப்புகளை மட்டுமே ஏற்கும். சர்வர் திடீரென்று செத்தால் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக மீட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். உடனே வந்து கதவைத் தட்டினால் இடமில்லை என்று சொல்லிவிடும். ஒரு நிமிடம் பொறுத்தால் அது பழையதைக் கைவிட வாய்ப்பு உண்டு.

இந்த வசதி எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்வீஸ் செத்தால் மட்டும்தான் விண்டோஸ் அதை எழுப்பும். உயிரோடு இருந்துகொண்டே தொங்கிப் போனால் பட்டியலில் ரன்னிங் என்றுதான் காட்டும். அதைப் பிடிக்க நல்ல வழி, பிஎல்சியில் வினாடிக்கு ஒரு முறை ஒன்று கூடும் எண்ணை வைத்து, ஸ்காடாவில் அது நகராமல் நின்றால் அலாரம் அடிக்கச் செய்வது. ஹார்ட்பீட் டேக் என்பார்கள். புதிய பிராஜெக்ட் எதுவானாலும் நான் முதலில் உருவாக்குகிற டேக் அதுதான்.

ஃபயர்வால், டிகாம், கடிகாரம்

டபுள் கிளிக்கில் முதல் முறை ஓட்டும்போது விண்டோஸ் ஃபயர்வால் "அனுமதிக்கலாமா?" என்று கேட்கும், நாம் சரி என்போம். சர்வீஸாக ஓடும்போது கேட்க ஆளில்லை, அதனால் இன்பௌண்ட் விதியை நாமே எழுத வேண்டும். யுஏ என்றால் சர்வரின் போர்ட்டைத் திறந்தால் போதும். அது எப்போதும் 4840 என்று இருக்காது; கெப்சர்வர்இஎக்ஸ் 49320ஐப் பயன்படுத்தும். விதி எந்த புரொஃபைலுக்கு என்று கேட்கும்போது கவனம் தேவை. ஆலை நெட்வொர்க்கில் பெரும்பாலும் கேட்வே இருக்காது. கேட்வே இல்லாத நெட்வொர்க்கை விண்டோஸ் அடையாளம் தெரியாதது என்று சொல்லிப் பப்ளிக் வகையில் போட்டுவிடும், பிரைவேட்டுக்கு மட்டும் எழுதிய விதி வேலை செய்யாது. அதனால் எல்லா புரொஃபைலுக்கும் எழுதிவிட்டு, எந்த ஐபி முகவரிகளிலிருந்து வரலாம் என்பதைச் சுருக்கி வையுங்கள்.

யுஏ மட்டும் பயன்படுத்துபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். டிஏ சர்வர் என்றால் டிகாம் கன்ஃபிக் கருவியில் உங்கள் சர்வரின் ஐடென்டிட்டி பக்கத்தைப் பாருங்கள். இன்டராக்டிவ் யூசர் என்று இருந்தால், யாரும் லாகின் செய்யாத நேரத்தில் கிளையன்ட் கூப்பிட்டாலும் சர்வர் தொடங்காது. லாஞ்சிங் யூசர் என்று இருந்தால் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஒரு சர்வர் கிளம்பி, ஒரே பிஎல்சிக்கு அடித்துக்கொள்ளும். சர்வீஸாகப் பதிந்த சர்வருக்குச் சிஸ்டம் அக்கவுண்ட் அல்லது நீங்கள் உருவாக்கிய தனிக் கணக்குதான் சரி. மேலும் மைக்ரோசாஃப்ட் 2021 ஜூனில் தொடங்கி டிகாம் பாதுகாப்பைப் படிப்படியாக இறுக்கியது, கேபி5004442 என்ற எண்ணில். 2023 மார்ச் 14 முதல் வந்த அப்டேட்களில் அதை அணைக்கவே முடியாது. அதுவரை நன்றாக ஓடிய பழைய டிஏ இணைப்பு ஓர் அப்டேட்டோடு நின்றுபோனால் சிஸ்டம் லாகில் 10036 என்ற எண்ணைத் தேடுங்கள்.

கடிகாரத்துக்கு வருகிறேன். ஒரு பம்ப் ஹவுஸில், கரண்ட் கட் ஆன பிறகு மட்டும் யுஏ கிளையன்ட் இணைய மறுத்தது. சாதாரண ரீஸ்டார்ட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. சர்வீஸ் ரன்னிங், போர்ட் திறந்திருக்கிறது, பிங் போகிறது. கடைசியில் பார்த்தால் திரை மூலையில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போனதும் கடிகாரமும் பழைய தேதிக்குப் போய்விட்டது. யுஏவில் இரண்டு பக்கமும் சான்றிதழைச் சரிபார்க்கும். அந்தத் தேதியில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஒரு பட்டன் பேட்டரி மாற்றியதும் தீர்ந்தது. ஐந்தாறு வருடம் ஆன கம்ப்யூட்டர் என்றால் கேட்காமலேயே அதை மாற்றிவிடுங்கள். கூடவே, வொர்க்குரூப் கம்ப்யூட்டரில் விண்டோஸ் டைம் சர்வீஸையும் ஆட்டோமேட்டிக் ஆக்கி, ஆலைக்குள் ஒரு நேர சர்வரைக் காட்டிவிடுங்கள்.

லினக்ஸில் ஓடுகிற சர்வர் என்றால் பெரும்பாலும் சிஸ்டம்டிதான் இந்த வேலையைப் பார்க்கும். யூனிட் ஃபைலில் ரீஸ்டார்ட் என்பதை ஆல்வேஸ் என்று எழுதி, எனேபிள் செய்துவிட வேண்டும். ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு எனேபிள் செய்ய மறந்தால் இப்போது ஓடும், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஓடாது.

சோதனை

இவ்வளவும் செய்த பிறகு அதே கம்ப்யூட்டரில் லாகின் செய்து பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு லேப்டாப்பை அதே சுவிட்சில் மாட்டுங்கள். யுஏ எக்ஸ்பர்ட் போன்ற இலவசக் கிளையன்ட்டைத் திறந்து, ஹார்ட்பீட் டேக்கையும் நிஜமான இரண்டு மூன்று டேக்குகளையும் கண்காணிப்பில் போடுங்கள். பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். லாகின் பக்கம் வந்தாலும் தொடாதீர்கள். லேப்டாப்பில் இணைப்பு அறுந்து, திரும்ப வந்து, குவாலிட்டி "குட்" என்று மாறி, எண் நகர்கிறதா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிலேய்டு ஸ்டார்ட் வைத்திருந்தால் நாலைந்து நிமிடம் ஆகலாம், பதற வேண்டாம்.

அது சரியாக வந்ததும் லாகின் செய்து, உடனே லாக் ஆஃப் செய்யுங்கள். எண் நிற்கக் கூடாது. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் சர்வரின் புராசஸை முடித்துவையுங்கள். ஒரு நிமிடத்தில் திரும்பி வர வேண்டும். அடுத்து, பிஎல்சி கேபிளைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். தாமதமாக எழுகிற சுவிட்சைப் போலத்தான் இது. கேபிள் மாட்டிய பிறகும் டேக் "பேட்" என்றே நின்றால் டிரைவரின் மறுமுயற்சி அமைப்பைத் திருத்த வேண்டும். ஆலையின் அனுமதி கிடைத்தால் கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பயாஸ், யுபிஎஸ், சுவிட்ச், பிஎல்சி, சர்வர் எல்லாம் ஒன்றாக எழுகிற ஒரே சோதனை அதுதான்.

எல்லாம் சரியாக வந்தாலும் அன்று ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டு மறுநாள் டிரெண்டைப் பாருங்கள். லைசென்ஸ் ஏறாத கெப்சர்வர்இஎக்ஸ் டிரைவர் இரண்டு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடும். இதைச் சோதிக்கிற ஒன்றரை மணி நேரத்தில் யாருக்கும் அது தெரியாது.

ஏதாவது ஒன்று எழவில்லை என்றால் ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் என்ற மூலத்தில் 7000 இருந்தால் சர்வீஸ் தொடங்கவே இல்லை. 7009 என்றால் 30 வினாடிக்குள் பதில் சொல்லவில்லை. 7038 என்றால் கணக்கு அல்லது பாஸ்வேர்டு. 7031, 7034 இரண்டும் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று செத்தது என்று சொல்லும். 6008 இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை, கரண்ட் போயிருக்கலாம். அதற்குப் பக்கத்தில் வருகிற 6005 விண்டோஸ் எழுந்ததைக் குறிக்கும்; அதன் நேரமும், உங்கள் டிரெண்டில் முதல் நல்ல எண் வந்த நேரமும் சேர்ந்து, எழுந்த பிறகு எவ்வளவு தரவு போனது என்பதைச் சொல்லிவிடும்.

பிறகு ஒரு தாளில் இவற்றை எழுதிப் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டு வருவேன்: சர்வீஸின் பெயர், எந்தக் கணக்கில் ஓடுகிறது, எதைச் சார்ந்திருக்கிறது, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு டேக் வர எத்தனை நிமிடம் ஆகும், பட்டன் பேட்டரி மாற்றிய தேதி. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத மாட்டேன். "லாகின் பக்கம் நின்றால் பயப்பட வேண்டாம், பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆறு நிமிடத்துக்கு மேல் ஸ்காடாவில் எண் நகராவிட்டால் மட்டும் கூப்பிடுங்கள்" என்று கீழே ஒரு வரியும் இருக்கும், ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டருக்காக.